படர்தாமரையும் சேற்றுப் புண்ணும்: வீட்டிலேயே செய்துகொள்ளத் தக்க சிகிச்சை

தறியில் அமர்ந்து பகல் முழுவதும் நெய்பவர்களுக்கும், கழனிச் சேற்றில் காலூன்றி நாற்று நடுபவர்களுக்கும் பொதுவானதொரு தொல்லை உண்டு. அது தோலைப் பற்றிய தொல்லை. உயிருக்கு ஆபத்து விளைவிப்பதன்று, படுக்கையில் கிடத்துவதுமன்று. ஆயினும் இரவில் உறக்கத்தையும் பகலில் வேலையையும் கெடுத்து, வெளியே சொல்லவும் கூசச் செய்து, மாதக் கணக்கில் மனிதனை வாட்டக் கூடியது. படர்தாமரை, தொடையிடுக்குப் படை, சேற்றுப் புண் என்று பல பெயர்களால் நாம் வழங்கும் இந்நோய்களுள் எவற்றை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம், எவ்வாறு தீர்த்துக்கொள்ளலாம், எவற்றைத் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், பல ஊர்களிலும் சாதாரணமாக நடப்பது என்னவென்று பார்ப்போம். குழித்தறியில் நெய்யும் ஒருவருக்குக் கோடைக் காலத்தில் தொடையிடுக்கில் காசு அளவில் ஒரு படை தோன்றுகிறது. அரிப்பு மிகுதி. மனைவியிடம் சொல்லவும் அவருக்கு வெட்கம். சந்தைக்குப் போகும்போது மருந்துக் கடையில் நின்று, “படைக்கு ஏதாவது கொடுங்கள்” என்று கேட்டு ஒரு களிம்பு வாங்கி வருகிறார். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடுகிறது. நோய் போயிற்று என்று மகிழ்ந்து களிம்பை எறவானத்தில் செருகி வைக்கிறார். பத்து நாளில் படை மீண்டும் வருகிறது, இம்முறை உள்ளங்கையளவு. மீண்டும் தடவுகிறார், மீண்டும் அடங்குகிறது, மீண்டும் வருகிறது. இதற்குள் அருகிலிருந்து தார் சுற்றும் மனைவிக்கு இடுப்பிலும், இருவர் துண்டையும் எடுத்துத் துவட்டிக்கொள்ளும் பிள்ளைக்குக் கழுத்திலும் படை தோன்றிவிடுகிறது. ஒரு சிறு குழாய்க் களிம்பில் தீர்ந்திருக்க வேண்டிய நோய் குடும்பம் முழுவதற்கும் உரியதாகி, கூலியில் ஒரு பங்கை மருந்துக்கே கொடுக்கும் நிலை வந்துவிடுகிறது.

இதில் பிழை எங்கே நேர்ந்தது? களிம்பு வாங்கியதில் பிழையில்லை. எக்களிம்பு என்று பாராமல் வாங்கியது ஒரு பிழை. அரிப்பு நின்றதையே நோய் தீர்ந்ததாகக் கொண்டது இரண்டாவது பிழை. வீட்டாருக்குச் சொல்லாமல் மறைத்தது மூன்றாவது பிழை. இம்மூன்றையும் தவிர்த்தால் லேசான படர்தாமரை பெரும்பாலும் வீட்டுச் சிகிச்சையிலேயே தீரும்.

நோயின் காரணம்

படர்தாமரை கெட்ட இரத்தத்தினால் வருவதென்றும், உடம்பின் சூட்டினால் வருவதென்றும் நெடுங்காலம் மக்கள் எண்ணி வந்தார்கள். ஆங்கிலேயர்கள் தோலுக்குள் புழு ஒன்று வளைந்து கிடப்பதாக எண்ணிப் புழுவின் பெயரையே அதற்கு இட்டார்கள். புழுவும் இல்லை, கெட்ட இரத்தமும் இல்லை. தலைத்தோலில் வரும் ஒருவகைப் படைக்குப் பூஞ்சாணமே காரணம் என்பதை, பாரிஸ் நகரில் வைத்தியம் புரிந்துவந்த ஹங்கேரிய மருத்துவர் டேவிட் குரூபி என்பவர் 1841ஆம் ஆண்டில் பூதக்கண்ணாடிக் கருவியின் வாயிலாகக் கண்டு வெளியிட்டார்.

பூஞ்சாணம் நமக்குப் புதியதன்று. கஞ்சி போட்ட பாவை ஈரம் உலராமல் சுருட்டி வைத்தால் சில நாட்களில் கரும்புள்ளி விழுவதை நெசவாளர் அறிவர். நெற்பயிரில் குலைநோய் கண்டு இலையில் கண் போன்ற புள்ளிகள் பரவுவதை விவசாயிகள் அறிவர். இரண்டும் பூஞ்சாணத்தின் செயல்களே. ஊறுகாயில் பூப்பதும் அதன் இனமே. இவ்வினத்துள் ஒரு கூட்டம் மனிதனுடைய மேல்தோல், மயிர், நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் பொருளைத் தின்று வாழ்கிறது. உயிரற்ற மேல்தோலில் தங்கி, ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் வெளிநோக்கிப் படர்கிறது. குளத்தில் தாமரை இலை படர்வதுபோல் வட்டமாகப் படர்வதால் நம் முன்னோர் இதற்குப் படர்தாமரை என்று பெயரிட்டது மிகவும் பொருத்தமேயாகும்.

பூஞ்சாணம் வளர்வதற்கு வேண்டியவை சூடும் ஈரமும் ஆகும். நெசவாளர் பலகையில் அமர்ந்து, தறிக்குழியில் கால்களை விட்டு மிதிக்கட்டைகளை மிதிக்கும்போது தொடையிடுக்கில் வியர்வை தேங்குகிறது. நூல் அறாதிருக்கும் பொருட்டுக் காற்றை அதிகம் புகவிடாத தறிக்கூடத்தில் அவ்வியர்வை எளிதில் உலர்வதில்லை. நடவுக் காலத்தில் காலை முதல் மாலை வரை சேற்றில் நிற்பவரின் கால்விரலிடுக்குகள் ஊறி வெளுத்துப்போகின்றன. ஆகவே இந்நோய் அழுக்கானவருக்கு மட்டும் வருவது என்று எண்ணி வெட்கப்படுவதற்கு இடமில்லை. நாம் செய்யும் தொழிலிலேயே இதற்கு வழி இருக்கிறது.

அடையாளம் காணும் முறை

வீட்டிலேயே சிகிச்சை செய்ய முற்படுமுன், வந்திருப்பது இந்நோய்தானா என்று தெளிய வேண்டும். படர்தாமரையின் இலட்சணம் யாதெனில், அதன் ஓரம் சற்றே மேடாகவும் சிவந்தும் அல்லது கருத்தும் பொருக்குடன் இருக்கும். நடுப்பகுதி ஓரளவு தெளிந்து இயல்பான தோலைப்போல் காணப்படும். நாளடைவில் வட்டம் பெரிதாகும். வியர்க்கும்போது அரிப்பு மிகும். தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள், பிட்டம், மார்பின் கீழ்ப்பகுதி ஆகியவை இது விரும்பித் தங்கும் இடங்கள்.

சேற்றுப் புண், பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் தொடங்கும். தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, வெடிக்கும். அரிப்பும் துர்நாற்றமும் உண்டாகும்.

தேமல் வேறு. அது மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிறிய அல்லது பழுப்பு நிறத் திட்டுகளாகத் தோன்றி, தேய்த்தால் நுண்ணிய பொருக்கு உதிரும். அதற்குக் காரணமான பூஞ்சாணம் எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழ்வது, பிறரிடமிருந்து தொற்றுவதன்று. கீட்டோகோனசோல் 2 சதவீதம் கலந்த தலைகழுவும் திரவத்தைத் திட்டுகளின் மேல் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுதலை நாளொன்றுக்கு ஒருமுறையாக ஐந்து நாட்கள் செய்தால் தேமல் அடங்கும். தோலின் நிறம் பழையபடி திரும்புவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதனால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ண வேண்டுவதில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். வெளிறிய அல்லது சிவந்த திட்டில் அரிப்பு இல்லாமல், தொட்டாலும் சூடு பட்டாலும் உணர்ச்சி குறைந்திருக்குமானால் அது தொழுநோயாக இருக்கக் கூடும். அதைக் களிம்பு பூசி மறைத்து நாட்களைப் போக்கலாகாது. தொழுநோய்க்கு அரசினர் மருத்துவ நிலையங்களில் கூட்டு மருந்துகள் இலவசமாகவே கொடுக்கப்படுகின்றன. தொடக்கத்திலேயே உட்கொண்டால் அங்கக் குறை ஏதுமின்றி முற்றிலும் குணமாகும்.

களிம்பைத் தேர்ந்தெடுத்தல்

இந்நோய்க்கான களிம்புகளின் வியாபாரப் பெயர்கள் பல. அவற்றை நம்பி வாங்குவதைவிடக் குழாயின்மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து வாங்குவதே நன்று. நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லலாம்.

குளோட்ரைமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம், டெர்பினஃபின் 1 சதவீதம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டும் உள்ள களிம்பு லேசான படைக்கு ஏற்றது. பென்சாயிக் அமிலம் 6 சதவீதமும் சாலிசிலிக் அமிலம் 3 சதவீதமும் சேர்த்துச் செய்யப்படும் ஒயிட்ஃபீல்டு களிம்பு மிகப் பழையது, விலை குறைந்தது, கை கால்களிலும் உடம்பிலும் தடித்த தோலில் தோன்றிய படைக்கு இன்றும் உதவக் கூடியது. ஆனால் தொடையிடுக்கு, முகம், வெடித்த புண் ஆகியவற்றில் அது கடுமையாக எரியும். அங்கெல்லாம் அதைத் தடவலாகாது.

வாங்கக் கூடாத களிம்பு எது என்பதை அறிந்துகொள்வது இதனினும் முக்கியம். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்னும் பெயர்களுள் ஒன்று குழாயின்மேல் காணப்படுமானால் அதில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது என்று அறிக. பூஞ்சாண மருந்து, ஸ்டீராய்டு, கிருமிக்கொல்லி மருந்து ஆகிய மூன்றும் நான்கும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் நம் நாட்டில் ஏராளமாக விற்கப்பட்டு வந்துள்ளன.

ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். கரப்பான் போன்ற நோய்களில் வைத்தியர்கள் அதை அளவறிந்து உபயோகிப்பார்கள். ஆனால் படர்தாமரையில் அதன் வேலை விபரீதமாகிறது. நோயை எதிர்த்து நம் தேகம் செய்யும் போராட்டமே சிவப்பாகவும் அரிப்பாகவும் வெளிப்படுகிறது. ஸ்டீராய்டு அப்போராட்டத்தை அடக்கிவிடுகிறது. அரிப்பு இரண்டொரு நாளில் நிற்பதன் இரகசியம் இதுவே. காவற்காரனைத் தூங்கச் செய்துவிட்டுக் களவே இல்லை என்று மகிழ்வதற்கு இது ஒப்பாகும். எதிர்ப்பாரின்றிப் பூஞ்சாணம் அமைதியாகப் படர்கிறது. வட்ட வடிவம் மாறி, ஓரம் மங்கி, அனுபவமுள்ள வைத்தியரும் அடையாளம் காண இயலாதபடி ஆகிவிடுகிறது. நாளடைவில் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் வெடிப்புக் கோடுகள் விழுகின்றன. அக்கோடுகள் பின்னர் மறைவதில்லை. முகத்தில் தடவியவர்களுக்குச் சிவப்பும் பருக்களும் வேண்டாத மயிரும் தோன்றுவதுண்டு.

இத்தீங்கை உணர்ந்த மத்திய அரசு, 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விதி செய்தது. விதி இருந்தாலும், கேட்டு வாங்குபவன் அறியாதவனாக இருந்தால் பயன் குறைவே. ஆகையால் கடைக்காரரிடம், “ஸ்டீராய்டு கலவாத, பூஞ்சாண மருந்து மட்டும் உள்ள களிம்பு வேண்டும்” என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குக.

தடவும் முறை

களிம்பைப் பூசுவதிலும் ஒரு முறை உண்டு. படையை மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஒற்றி ஒற்றி நன்றாக உலர்த்த வேண்டும். நார் கொண்டு தேய்த்தல் கூடாது. தேய்த்தால் தோலில் நுண்ணிய கீறல்கள் விழுந்து நோய் பரவும். பின்னர் களிம்பைப் படையின்மேல் மட்டுமன்றி, அதன் ஓரத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு விரற்கடை அகலம் நல்ல தோலிலும் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டி நோய் முன்னேறியிருக்கும் என்பதே காரணம். வெளியிலிருந்து உள்நோக்கித் தடவுதல் நன்று. தடவி முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும்.

இதை எளிதில் நினைவிற்கொள்ள ‘மூன்று இரண்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஓரத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர். நாளொன்றுக்கு 2 வேளை. படை முற்றும் மறைந்த பின்னும் 2 வாரம். மூன்றாவது இரண்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குளோட்ரைமசோல் களிம்பாயின் மொத்தம் நான்கு வாரமாவது தடவ வேண்டியிருக்கும் என்று தொடக்கத்திலேயே மனத்தில் கொள்க.

எவ்வளவு மருந்து வாங்குவது? களிம்புக் குழாயிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனி முதல் முதற்கணு வரை நீளமாகப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம் ஆகும். இரண்டு உள்ளங்கை பரப்புள்ள இடத்துக்கு அது போதும். அப்பரப்புக்கு இருவேளை தடவ நாளொன்றுக்கு ஒரு கிராம் செலவாகும். ஆகவே 15 கிராம் குழாய் பதினைந்து நாள்தான் வரும். நான்கு வாரத்துக்கு இரண்டு குழாய்கள் வேண்டும். ஒரு குழாய் தீர்ந்தவுடன் சிகிச்சையும் தீர்ந்தது என்று எண்ணுபவருக்கு நோய் திரும்புவதில் வியப்பில்லை. வாங்கும்போதே இக்கணக்குப் பார்த்து வாங்குவது சிக்கனம். அரைகுறையாக விட்டு மூன்று முறை வாங்குவதே வீண் செலவு.

அரைகுறைச் சிகிச்சையினால் மற்றொரு கேடும் உண்டு. பூச்சி மருந்தை அளவு குறைத்தும் இடைவிட்டும் அடித்தால் சில பூச்சிகள் பிழைத்து, அம்மருந்துக்கு அஞ்சாத சந்ததியைப் பெருக்குவதை விவசாயிகள் கண்டிருக்கிறார்கள். பூஞ்சாணத்திலும் அவ்வாறே. டெர்பினஃபின் மருந்துக்கு எளிதில் அடங்காத பூஞ்சாண வகை ஒன்று நம் நாட்டில் பரவியிருக்கிறது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த நோயாளிகளிடம் அதைக் கண்ட ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், 2020ஆம் ஆண்டில் அதற்குத் தனிப்பெயரே இட்டார்கள். ஆகவே முறையாக இரண்டு வாரம் தடவியும் சிறிதும் குறையாத படையை மேலும் மேலும் மருந்து மாற்றிப் பூசிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

துணி, துண்டு, அரைஞாண்

மருந்து பாதி, சுத்தம் பாதி. தோலிலிருந்து உதிரும் பொருக்கில் பூஞ்சாணத்தின் வித்துகள் உள்ளன. அவை துணியில் பல நாட்கள் உயிருடன் தங்கும். உடம்பில் மருந்தைத் தடவிக்கொண்டு, பழைய துண்டாலேயே துவட்டிக்கொள்பவர், வரப்பில் களையெடுக்காமல் வயலில் மட்டும் களையெடுப்பவரைப் போன்றவர்.

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் துண்டு தனியாக இருத்தல் வேண்டும். நோயுற்றவரின் உள்ளாடை, வேட்டி, பாவாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை மற்றவர் துணிகளோடு சேர்த்து ஊறவைக்காமல், கைபொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துச் சோப்பிட்டுத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியுமாறு புரட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். மழைக் காலத்தில் வெயில் இல்லாதபோது சலவைப் பெட்டியால் தேய்த்து உடுத்தலாம். ஈரத் துணியை உடுத்துவது அறவே கூடாது. இறுக்கமான செயற்கை இழை ஆடைகள் வியர்வையை உறிஞ்சா. தளர்ந்த பருத்தி ஆடையே ஏற்றது. நாம் நெய்யும் பருத்தித் துணியைவிட இதற்குச் சிறந்தது வேறில்லை என்று கூறுவது சங்கத்தின் விற்பனைக்காக அன்று, உண்மையும் அதுவே.

பலரும் கவனியாத ஓரிடம் அரைஞாண் கயிறு. பெரியவர்களும் குழந்தைகளும் ஆண்டுக் கணக்கில் அவிழ்க்காமல் கட்டியிருக்கும் நூற்கயிறு எப்போதும் ஈரமாக இருப்பதால், இடுப்புப் படைக்கு அதுவே உறைவிடமாகிவிடுகிறது. சிகிச்சை நடக்கும் காலத்தில் அதை அவிழ்த்துவிடுதல் நன்று. வழக்கத்தை விட மனமில்லாதவர்கள் பழையதை நீக்கி, படை மறைந்த பிறகு புதிய கயிறு கட்டிக்கொள்ளலாம். பெண்கள் பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டாமல், அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொள்வது இடுப்பில் வியர்வை தேங்குவதைக் குறைக்கும்.

ஒரே வீட்டில் இருவருக்கு மேல் படை இருந்தால் அனைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும். இன்று கணவர், அடுத்த மாதம் மனைவி, பிறகு பிள்ளை என்று முறை வைத்துச் செய்தால் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டேயிருக்கும். வீட்டில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது சிகிச்சையின் முதற்படி என்று கூறுவது இதனால்தான்.

மாடு வளர்ப்போர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் மயிர் உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்குக் காணப்பட்டால் அதுவும் படர்தாமரையே. அது மனிதருக்குத் தொற்றும். கன்றைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதுடன், கால்நடை வைத்தியரிடமும் காட்ட வேண்டும். பூனை நாய்களிடமிருந்து குழந்தைகளுக்குத் தொற்றுவதும் உண்டு.

சேற்றுப் புண்ணுக்கு

சேற்றுப் புண்ணில் முதற்கேடு செய்வது தண்ணீர். ஊறிய தோலில் பூஞ்சாணமும் பிற கிருமிகளும் பின்னர் புகுகின்றன. ஆகவே விரலிடுக்கை உலர வைப்பதே தலையான சிகிச்சை. வேலை முடிந்து கரையேறியதும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் உலர்ந்த துணியால் துடைத்து, களிம்பு தடவி, இரவில் இடுக்குகளில் மெல்லிய பஞ்சுத் திரி அல்லது துணித் துண்டு வைத்துப் படுக்கலாம். மெட்டி அணிவோர் அதனடியில் ஈரம் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடவில் முறை மாற்றி ஓரிரு நாள் கரைவேலை பார்க்க இயன்றால் புண் விரைவில் ஆறும். மூடிய காலணி அணிபவர்கள் இரண்டு சோடி வைத்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றி அணிவதும், அணியாததை வெயிலில் வைப்பதும் நலம்.

நீரிழிவு உள்ளவர்கள் சேற்றுப் புண்ணை அற்பமாக எண்ணலாகாது. விரலிடுக்கு வெடிப்பின் வழியாக வேறு கிருமிகள் புகுந்து, கால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் காணலாம்; கவனியாது விட்டால் காலுக்கே ஆபத்து நேரலாம். அவர்கள் நாள்தோறும் இரவில் விளக்கொளியில் தம் பாதங்களைத் தாமே பார்த்துக்கொள்வதையோ, வீட்டாரைப் பார்க்கச் சொல்வதையோ வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

நாட்டு மருந்துகளும் தவறான மருந்துகளும்

படைக்குச் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. அவ்விலைச் சாற்றுக்குப் பூஞ்சாணத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் குணம் இருப்பது சோதனைக் கூடங்களில் காணப்பட்டதே. எனினும் இலைக்கு இலை அதன் வீரியம் வேறுபடும். சிலருக்குத் தோல் எரியும். ஆகையால் சிறிய படையில் முயன்று பார்ப்பவர்கள் தொடையிடுக்கிலும் முகத்திலும் குழந்தைகளுக்கும் பூசாமல், ஒரு வாரத்தில் குறையாவிடின் விட்டுவிட வேண்டும்.

பூண்டை அரைத்துக் கட்டுவதால் தோல் வெந்து கொப்புளம் எழும். சேங்கொட்டைப் பால் அதனினும் கொடியது. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, துணி வெளுக்கும் தூள், மின்கல அமிலம் ஆகியவற்றை எக்காரணத்தாலும் தோலில் படவிடலாகாது. பயிருக்கு அடிக்கும் பூஞ்சாணக் கொல்லியும் பூஞ்சாணத்துக்கான மருந்துதானே என்று நினைத்து உடம்பில் பூசுவது பெருந்தீங்கு. அது வயலுக்கு உரியது, தோலுக்கு உரியதன்று. தேங்காயெண்ணெய் தீங்கு செய்யாது, ஆனால் இடுக்குகளில் தடவினால் ஈரத்தைத் தங்கவைக்கும், படையையும் தீர்க்காது.

சாயமிடும் அங்கத்தினர்கள் கைகளில் தோன்றும் அரிப்பையும் வெடிப்பையும் படர்தாமரை என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். சாயப் பொருள்களும் காரமும் பட்டுத் தோல் கெடுவதும் அவ்வாறே தோன்றும். அதற்குப் பூஞ்சாணக் களிம்பு பயன்படாது. கையுறை அணிவதே வழி.

வைத்தியரை நாட வேண்டியவை

கீழ்க்கண்டவற்றில் வீட்டுச் சிகிச்சையில் நாள் கழிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தோல் வைத்தியரிடமோ செல்ல வேண்டும்.

1. குழந்தையின் தலையில் திட்டாக மயிர் உதிர்ந்து பொருக்கு இருத்தல். பூஞ்சாணம் மயிரின் வேருக்குள் இருப்பதால் களிம்பு அங்கே எட்டாது. உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும்.

2. நகம் தடித்து, நிறம் மாறி, பொடிந்து போதல். இதற்கும் மேற்பூச்சு மட்டும் போதாது.

3. படை உடம்பின் பல இடங்களில் பரந்திருத்தல், அல்லது முகத்தில் இருத்தல்.

4. ஏற்கெனவே ஸ்டீராய்டு களிம்பு பல வாரங்கள் தடவியிருத்தல். செல்லும்போது அக்குழாயையும் எடுத்துச் சென்று காட்டுதல் வேண்டும். திடீரென நிறுத்தினால் அரிப்பு சில நாட்கள் மிகலாம். அதற்கு அஞ்சி மீண்டும் அதையே தடவலாகாது.

5. சீழ், வீக்கம், வலி, காய்ச்சல் தோன்றுதல்.

6. நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்.

உள்ளுக்குச் சாப்பிடும் பூஞ்சாண மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் கடையில் வாங்கி உட்கொள்வது தவறு. அவற்றுள் சில ஈரலைப் பாதிக்கக் கூடியவை. வேறு மருந்துகளோடு ஒவ்வாதவை.

முடிவாக

அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை சிலவே. ஈரத்தை உலர்த்துக. ஸ்டீராய்டு கலவாத களிம்பை வாங்குக. ஓரத்தைத் தாண்டித் தடவுக. அரிப்பு நின்ற நாளைச் சிகிச்சையின் முடிவாகக் கொள்ளற்க. படை மறைந்த நாளிலிருந்து மேலும் இரண்டு வாரம் எண்ணுக. துண்டைத் தனியாக்குக. வீட்டில் யாவரும் சேர்ந்தே சிகிச்சை செய்துகொள்க.

தனியொருவர் தம் உடம்பில் மட்டும் மறைத்து வைத்துத் தீர்த்துக்கொள்ளக் கூடிய நோயன்று இது. வீட்டிலுள்ளோர் ஒருவர்க்கொருவர் மனந்திறந்து பேசி, ஒரே காலத்தில் ஒன்றுகூடிச் செய்தால்தான் இது நீங்கும். ஒத்துழைத்துச் செய்யும் காரியத்தின் பயனைச் சங்கத்தின் வாயிலாக அறிந்த நமக்கு இது கடினமன்று. இக்கட்டுரையைப் படிக்கும் அங்கத்தினர், படிக்க இயலாத அடுத்த வீட்டாருக்கும் இதைப் படித்துச் சொல்வாராக. வெட்கத்தால் வாய் திறவாத ஒருவர் அங்கேயும் இருக்கக் கூடும்.